வராந்தாவிலிருந்து வந்த சொல்

“தேர்வர் தமக்கு விருப்பமான தமிழ்ச் செய்யுள் ஒன்றைத் தாமே தெரிந்தெடுத்து ஒப்புவித்து, அது தமக்கு ஏன் விருப்பமானது என்பதைத் தம் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும்.”

ஆசிரியப் பயிற்சித் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு எங்கள் காலத்தில் இருந்த விதி இவ்வளவுதான். செய்யுள் அச்சேறியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எழுதியவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. விதியை எழுதியவர் அன்று காலையில் நல்ல காபி குடித்திருக்க வேண்டும். அடுத்த விதிக்கு வரும்போது காபியின் குணம் இறங்கிவிட்டது: “தேர்வறையில் உள்ளவரோ வெளியில் உள்ளவரோ தேர்வருக்குச் சொல் எடுத்துக்கொடுத்தல் ஆகாது.” இந்த இரண்டு விதிகளும் ஒரே பக்கத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒன்றையொன்று அறியாமல் பல வருடம் குடியிருந்தன.

இப்போது வாய்மொழிப் பகுதியையே எடுத்துவிட்டார்கள் என்று என் பழைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சொன்னார். சொன்ன கையோடு, ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு “எனக்குப் பிடித்த கவிதை” என்ற தலைப்பில் ஏதாவது எழுதித் தரும்படியும் கேட்டார். மற்ற உறுப்பினர்கள் பெரிய கவிகளை எடுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பாராட்டப் போதுமான ஆட்கள் உண்டு. எனக்குப் பிடித்த கவிதை ஏழு அடி. அதை நான் ஒரே ஒரு முறைதான் முழுதாகக் கேட்டேன். கேட்டதால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று.

நான் விழுப்புரத்தில் பள்ளிகளின் டிப்டி இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தது 1930களின் தொடக்கத்தில். முதல் இரண்டு வருடம் கற்றுக்கொண்டதைச் சுருக்கிச் சொல்லலாம்: எந்தக் காகிதமும் தானாக நகராது; நகர்ந்த காகிதம் திரும்பாது; திரும்பியது என்றால் அதில் ஒரு கேள்வி இருக்கும். இதற்கு மேல் அந்த வேலையில் கற்க அதிகம் இல்லை.

டிப்டியின் பெயர் கனகசபை. உயரமான மனிதர். ஆய்வுக்குப் போகும் பள்ளிகளில் பிள்ளைகள் அவரைக் கண்டு நடுங்குவார்கள். அவர் நடுங்கியது கவிதைக்கு மட்டும். வாய்மொழித் தேர்வுக்கு உட்காரும்போது தலைப்பாகையைக் கழற்றி மேஜையின் இடது மூலையில் வைப்பார். வலது மூலையில் கடிகாரம். நடுவில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சில். தேர்வர் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். பிடித்துவிட்டால் நீலமுனை மேஜையில் மெதுவாகத் தாளம் போடும். பிடிக்காவிட்டால் பென்சில் புரண்டு சிவப்புமுனை கீழே வரும். அந்தப் பென்சில் புரள்வதை மட்டும் பார்த்துக்கொண்டு ஒப்புவித்தவர்கள் பலர்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தெரிந்த பாட்டில் தேர்வர் தடுக்கி நின்றால், கண்ணைத் திறக்காமலே அடுத்த அடியை முணுமுணுத்துவிடுவார். எடுத்துக்கொடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. பாட்டு நடுவில் நிற்பதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். நிகழ்ச்சிக் குறிப்பு எழுத அருகில் உட்கார்ந்திருக்கும் நான் அந்த முணுமுணுப்பை ஒருபோதும் குறித்ததில்லை. அதிகாரி விதியை மீறுவதை எழுதுவதற்கென்று நிகழ்ச்சிக் குறிப்பில் பத்தி கிடையாது.

1938 கோடையில் தேர்வு திண்டிவனத்தில் நடந்தது. ஒரு பள்ளிக் கட்டடத்தின் மூலை அறை. வெளியே வராந்தா, அங்கே தேர்வர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முனியம்மா என்ற அம்மாளை அமர்த்தியிருந்தார்கள். இரண்டு பானைக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாது. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், “பயந்துக்காத கண்ணு, உள்ள இருக்கறதும் மனுசந்தான்” என்று அனுப்பிவைத்தாள். டிப்டியின் காதிலும் அது விழுந்தது. பென்சில் ஒருமுறை புரண்டது.

பிற்பகலில் சவேரியம்மாள் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மேல்மலையனூர் போகும் பாதையில் உள்ள ஒரு சேரியில் ஓராசிரியர் பள்ளி. அதன் ஓராசிரியர் அவள்தான். அவளுடைய அப்பா அம்மா அதே ஊரில் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்கிறவர்கள். பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாத ஆசிரியரை வைத்து நடத்த அந்தப் பள்ளிக்கு ஒரு வருடம் விலக்குக் கொடுத்திருந்தோம். பிறகு இன்னொரு வருடம். மூன்றாவது விலக்குக்கு விதியில் இடமில்லை. அவள் தேறினால் பள்ளி இருக்கும். இல்லாவிட்டால் அங்கீகாரம் போகும். அந்தப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் உள்ளே உட்காரவைக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அது எங்கள் அலுவலக அலமாரிக்குள் மட்டும் அமலில் இருந்தது.

எழுத்துத் தேர்வில் அவள் நன்றாகச் செய்திருந்தாள். மிச்சம் இருந்தது இந்த ஒரு பாட்டு.

“என்ன செய்யுள்?” என்றார் டிப்டி.

“மல்லாட்டை புடுங்கறப்ப பாடுறதுங்க ஐயா.” நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள்.

“எழுதினவர்?”

“யாரும் எழுதலீங்க. எங்க ஊருல பொம்பளைங்க பாடுவாங்க.”

பென்சில் புரளும் என்று எதிர்பார்த்தேன். புரளவில்லை. விதியை அவரும் அறிவார். கண்ணை மூடிக்கொண்டு, “சொல்லு” என்றார்.

அவள் சொல்லவில்லை, தணிந்த குரலில் பாடினாள்.

வேம்புல கட்டுன தூளியில
வெயிலு எறங்குது தங்கச்சி
விடிய புடிச்ச வரிசையில
வெரலு தேயுது தங்கச்சி
கொடிய இழுத்த கையோட
கொரலும் கம்முது தங்கச்சி
புள்ள அழுவுது, போயி ஆட்ட...

நீலமுனை இரண்டாவது அடியிலேயே தாளம் போடத் தொடங்கியிருந்தது. ஏழாவது அடியில் அவள் நிறுத்தியதும் அதுவும் நின்றது. டிப்டியின் உதடு அசைந்தது. வழக்கம்போல் முணுமுணுக்க வாயெடுத்தவருக்குச் சொல் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரியாத பாட்டு. கண்ணைத் திறந்தார்.

“மறந்துபோச்சா?”

“இல்லீங்க ஐயா.”

“அடி முடியலையே. மீதியைச் சொல்லு.”

“நான் சொல்லக் கூடாதுங்க.”

“யார் சொன்னா அப்படி? இது பரீட்சைம்மா. நீதான் சொல்லணும்.”

அவள் கையைப் பிசைந்தாள். அப்போது வராந்தாவிலிருந்து, பானையின் பக்கமிருந்து, ஒரு குரல் பாட்டின் அதே சுருதியில் வந்து விழுந்தது:

“நானாச்சி!”

“யாரது?” என்று டிப்டி எழுந்துவிட்டார். தலைப்பாகை உருண்டு கீழே விழுந்தது.

முனியம்மா கதவருகே வந்து நின்றாள். கையில் குவளை.

“நீயா சொல்லிக்கொடுத்தே?”

“நான் இன்னா சாமி பண்ணேன்? பாட்டு தொங்கிக்கினு இருந்திச்சி. யாரும் வாயத் தொறக்கல. சொன்னேன்.”

“உனக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு?”

“இத இன்னிக்கிதான் பாக்கறேன். எனக்கு மலையனூரு பக்கம். அந்தப் பாட்டு அங்க எல்லாருக்கும் தெரியும்.”

“கேக்காம ஏன் சொன்னே?”

“நல்லாக் கேட்டீங்க போ! புள்ள அழுவுதுன்னு ஒருத்தி பாடுறா. பதில் சொல்லாத உக்காந்திருந்தா அவ நம்மள இன்னான்னு நெனைப்பா?”

டிப்டி உட்கார்ந்தார். தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு சவேரியம்மாளிடம், குரலைத் தணித்து, “சரி. இந்தப் பாட்டு உனக்கு ஏன் பிடிக்கும்? அதையாவது சொல்லு” என்றார்.

அவள் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அலுவலகத்துக்காக எழுதியதில் எனக்கு மனப்பாடமாக நிற்பது அது ஒன்றுதான்.

“மல்லாட்டை புடுங்கப் போனா ஆளுக்கு ஒரு வரிசைங்க ஐயா. வரிசைய வுட்டு எழுந்திரிச்சா மேஸ்திரி திட்டுவாரு. கைப்புள்ளக்காரி புள்ளையத் தூளியில போட்டுட்டு வந்திருப்பா. அது அழுவும். இவ எழுந்திரிக்க முடியாது. அப்ப இதப் பாடுவா. கடைசி வார்த்தைய வுட்டுருவா. வரிசையில யாராச்சி ஒருத்தி ‘நானாச்சி’ன்னு சொல்லுவா. சொன்னவதான் எழுந்து போவணும், தூளிய ஆட்ட. அவ வரிசைய ரெண்டு பக்கம் இருக்கறவங்க பங்கு போட்டு இழுத்துக்குவாங்க. மேஸ்திரிக்குப் பாட்டு நடக்குதுன்னுதான் தெரியும். பாடுறவ அந்த வார்த்தையத் தானே சொல்லிக்கினா அவளுக்கு யாருமே இல்லன்னு அர்த்தம். அதனால சொல்ல மாட்டாங்க.”

வராந்தாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“எங்கம்மா பாடுனப்ப தூளியில நான்தாங்க இருந்தேன். யாரு வந்து ஆட்டுனாங்கன்னு எனக்குத் தெரியாது. யாரோ வந்திருக்காங்க. அதான் புடிக்கும்.”

டிப்டி மார்க்குத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உச்சரிப்பு, பொருள், நயம் என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் நீலத்தில் முழு மார்க் போட்டார். அடியில், “வெளியிலிருந்து உதவி” என்ற கட்டத்தில் பென்சிலைப் புரட்டி, சிவப்பில் “ஆம்” என்று எழுதினார். இரண்டும் உண்மை. அதனால்தான் வினை.

அன்று மாலை ரயிலில் விழுப்புரம் திரும்பும்போது அவரிடம் சொன்னேன்: “சார், பெயில் போட்டுடுங்க.”

“என்னப்பா இது, மனசாட்சி இல்லாம?”

“பெயில் ஆனவங்க ஆறு மாசத்துல மறுபடி எழுதலாம் சார். அக்டோபர்ல வேற பாட்டு சொல்லிப் பாஸ் பண்ணிடும் அந்தப் பொண்ணு. பாஸ் போட்டாலும் சரி. ரெண்டுல ஒண்ணு போடுங்க.”

“பாஸ் போட்டா விதியை மீறினதா ஆகும். பெயில் போட என் கை வராது. இப்படி ஒரு விளக்கத்தை நான் தேர்வு நாற்காலியில உட்கார்ந்து கேட்டதே இல்லை. மேலிடத்தைக் கேட்போம். பாட்டின் அமைப்பே அப்படி இருக்கும்போது, வெளியிலிருந்து வந்த சொல் உதவியா, பாட்டின் பகுதியா? நியாயமான கேள்வி. எழுது.”

நியாயமான கேள்விதான். ஆனால் மேலிடத்தின் முடிவுக்கு அனுப்பப்பட்ட தேர்வரின் முடிவு “நிறுத்திவைப்பு”. நிறுத்திவைக்கப்பட்டவர் மறுதேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. தேறாதவருக்கு இருந்த கதவு தேறியிருக்கக்கூடியவருக்கு இல்லை. இதையும் சொன்னேன். “நல்ல கேள்விக்குச் சீக்கிரம் பதில் வரும்” என்றார். முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர் அப்படி நம்பினார்.

முனியம்மாவின் வாக்குமூலத்தை இணைத்து அறிக்கை அனுப்பினோம். ஒரு மாதத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது: பாட்டுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை. நான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். வேம்பு, தூளி, வெயில் எல்லாம் ஒழுங்காக வந்தன. கடைசிச் சொல்லுக்கு நான்கு வரி அடிக்குறிப்புத் தேவைப்பட்டது. அது சென்னைக்குப் போயிற்று.

அந்த ஆகஸ்டில் சவேரியம்மாள் விழுப்புரத்துக்கு வந்தாள். அக்டோபர் தேர்வுக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக அவளுக்குத் தகவல் போயிருந்தது. டிப்டியின் அறைக்குள் அழைத்துப் போனேன்.

“ஐயா, என்னை பெயில் பண்ணிடுங்க” என்றாள்.

டிப்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா கேக்கறே?”

“பெயிலுன்னு ஒரு காயிதம் குடுங்க ஐயா. நான் மறுபடி எழுதிக்கிறேன். புக்குல இருக்கற பாட்டா ஒண்ணு படிச்சி வெச்சிருக்கேன். கடைசி வரைக்கும் நானே சொல்லிடுவேன்.”

“நீ பெயில் ஆகலையேம்மா. முழு மார்க் வாங்கியிருக்கே.”

“அப்ப பாஸுன்னு குடுங்க.”

“அது என் கையில இல்லை. கோப்பு மேல போயிருச்சு. இனி உன்னை பெயில் பண்ணக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது.”

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னை. “இன்னா சார் இது பேஜாரு” என்றாள் என்னிடம். அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரிவராத பிள்ளையைப் பார்க்கும் வாத்தியாரம்மாவின் குரல். டிப்டி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அன்று மாலையே முதல் நினைவூட்டை அவர் கைப்பட எழுதினார். அதற்குப் பிறகு நாங்கள் எழுதியவற்றை நான் எண்ணவில்லை. “தங்கள் கவனத்துக்கு மீண்டும் கொண்டுவரப்படுகிறது” என்ற தொடரை எத்தனை விதமாகத் திருப்பிப் போடலாமோ அத்தனை விதமாகவும் போட்டோம். ஒரு முறை, கோப்பு பரிசீலனையில் இருப்பதாக ஒரு குறிப்பு வந்தது. பரிசீலனையில் இருப்பது பதில் ஆகாது. ஆனாலும் டிப்டி அன்று ஆபீஸ் முழுவதற்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

மறு வருடம் பள்ளியின் விலக்குக் காலம் முடிந்தது. அங்கீகாரத்தை ரத்து செய்யும் ஆணையை நான்தான் பிரதி எடுத்தேன். போர் வந்துவிட்டது. சில மாதம் கழித்து அவள் கடைசி முறையாக வந்தாள். டிப்டி ஆய்வுக்குப் போயிருந்தார்.

“ஸ்கூலு மூடிட்டாங்க சார். பலகையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி காயிதம் வந்திச்சி. கரும்பலகைய மட்டும் நான் வெச்சிக்கலாமான்னு கேட்டுப் போவலாம்னு வந்தேன்.”

“அது பக்கத்துப் பள்ளிக்குப் போகணும்மா. அதான் விதி.”

“அந்தப் பள்ளியில எங்க பசங்க இல்லியே சார்.”

“கறையான் அரிச்சுட்டுதுன்னு எழுதிக் குடுத்துடு.”

“அரிக்கலியே சார்.”

இருப்புப் பட்டியலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு, “சரி, நான் எழுதிக்கறேன். எடுத்துக்கினு போ” என்றேன். அண்ணன் குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்குப் போவதாகச் சொன்னாள். அங்கே நம்ம பக்கத்து ஜனங்கள் நிறைய இருக்கிறார்கள், சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்கலாம் என்றாள். விலாசம் கேட்டேன். “போனாத்தான் தெரியும் சார். தெரிஞ்சதும் எழுதறேன்” என்றாள். எழுதவில்லை. எழுதியிருந்து எங்கள் தபால் பிரிவில் எங்கேயாவது சொருகிப்போயிருக்கலாம். அந்தப் பிரிவை அறிந்தவன் என்ற முறையில் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போரின் நடுவில் குண்டு விழும் என்று பயந்து சென்னை அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். எங்கள் கேள்வி ஏதோ ஒரு பெட்டியில் ஏறி, ஏதோ ஓர் ஊரில் இறங்கியிருக்க வேண்டும். கனகசபை ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில் வீடு எடுத்துக்கொண்டார். விழுப்புரம் வரும்போதெல்லாம் அலுவலகத்துக்குள் வந்து, முன்பு அவர் உட்கார்ந்த அறைக்குள் போகாமல், என் மேஜைக்கு எதிரே உட்காருவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பதில் வந்துதாப்பா?”

ஒரு நாள் வேறு மாதிரி தொடங்கினார்.

“அந்தக் கடைசிச் சொல் என்னப்பா? நான் சத்தம் போட்டதுல சரியாக் காதுல விழலை. அறிக்கையில நீ எழுதினதைப் படிச்சேன், ஆனா பாட்டா கேக்கலை.”

“நானாச்சி, சார்.”

“பாடிச் சொல்லு.”

அலுவலகத்தில் ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் குரலும் கிடையாது. இருந்தாலும் கடைசி அடியை மெல்லப் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் மேஜையில் தட்டியது.

“இத்தனை வருஷமா எத்தனையோ பேர் எத்தனையோ பாட்டு சொல்லி, எதுகை நல்லாருக்கு, உவமை நல்லாருக்குன்னாங்க. நானும் மார்க் போட்டேன். ஒரு பாட்டுக்கு அப்புறம் கேட்டவன் எழுந்து போகணும்னு அவளுக்கு முன்னாடி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணே அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா பாஸ் போட்டிருப்பேன்.”

“சொல்லியிருந்தா பாட்டு பெயில் ஆகியிருக்கும் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “அறைக்குள்ள நாம ரெண்டு பேர் இருந்தோம். ரெண்டு பேருக்கும் வாய் இருந்தது.”

“நமக்குச் சொல் தெரியாதே சார். விதியும் இருந்ததே.”

“இருந்தது” என்றார்.

அதன் பிறகு இரண்டு முறை வந்தார். பதிலுக்கு முன் அவர் இறந்த செய்தி வந்தது.

எனக்குப் பிடித்த கவிதை அது. ஏன் பிடிக்கும் என்று என் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும் என்பது விதி. மற்ற கவிதைகளை நான் தனியாக, சாய்வு நாற்காலியில், யாருக்கும் தொந்தரவில்லாமல் ரசிக்கிறேன். அவை என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இது கேட்கிறது. வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் வேலையை விட்டு எழுந்திருக்க ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, அவன் அதைச் சொல்வானா என்று காத்திருக்கிறது. நான் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் என் வரிசையை விட்டு எழுந்ததில்லை. அதற்காக எனக்கு நற்சான்று உண்டு. தண்ணீர்ப் பானைக்கு நடுவில் இருந்த ஒருத்தி எழுந்தாள். அவள் பேரில் வாக்குமூலம் உண்டு.

மேலிடத்தின் பதில் மூன்று வரி. வெளியிலிருந்து வந்த சொல் அச்செய்யுளின் பகுதியே என்று கொள்ளலாம். தேர்வர் தேறியவராகக் கருதப்படலாம். சான்றிதழைத் தேர்வரிடம் நேரில் ஒப்படைத்து, கையொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படவில்லை, அதற்கு விதியில்லை. கோலாரில் எனக்குத் தெரிந்த ஒரே வழியாக, அங்கிருந்த தேவாலயம் ஒன்றின் பெயருக்கு எழுதினேன். அப்பெயரில் யாரும் இல்லை என்று உறை திரும்பியது. சான்றிதழைக் கோப்பில் வைத்துக் கட்டினேன்.

பதில் வந்தது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், 1946 ஜனவரி 16, புதன்கிழமை.